ஒன்றிலிருந்து ஐந்து வரை

லிங்ஹோல்ம் தீவில் மொத்தம் இருநூற்றுப் பதினோரு கதவுகள்.
கோடையில் மட்டும் திறப்பவற்றைக் கழித்தால்
நூற்று முப்பத்து நான்கு.
நகராட்சி தந்த சைக்கிள், தோளில் பை,
பையில் படிவங்கள்.
படிவத்தில் ஏழு உடுப்புகளில் ஒரே கேள்வி:
மருத்துவ மாதிரிகளைச் சுமந்துகொண்டு
உங்கள் கூரைக்கு மேலே ட்ரோன் பறப்பதை
எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறீர்கள்?
ஒன்று என்றால் துளியும் இல்லை.
ஐந்து என்றால் முழு மனதாக.

எவ்வளவு சத்தம் என்றார் மொகன்ஸ்.
தேனீக்கூட்டம் அளவு என்றேன்,
பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி.
எத்தனை தேனீ என்றார்.
அதற்குக் கட்டம் இல்லை.

யீட்டேவுக்கு உருளைக்கிழங்குப் பாத்தி பற்றிய கவலை.
யாருடைய சளியோ அதில் வந்து விழுந்தால்?
மூன்று உறை, நடுவில் பஞ்சு, கூடவே பாராசூட் என்றேன்.
துணி எப்படி, கெட்டியா என்று விசாரித்துவிட்டு
இரண்டைச் சுழித்தாள்.

வாத்துகளை எண்ணுகிறவர் ஒருவர் இருக்கிறார் வடக்கு முனையில்.
மார்ச் மாதம் நானூறு இறங்கின,
ஒரு பறப்பு, நானூறும் எழுந்தன,
இறங்கியவை முன்னூற்றுப் பத்து என்றார்.
மீதி?
அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன் என்றார்.

படகில் சீட்டுக் கிழிக்கும் ஐனருக்குக் கோபம் இருக்கும் என்று
நினைத்துப் போனேன். சிரித்தார்.
காற்று மிஞ்சினால் நாங்கள் கயிற்றை அவிழ்க்க மாட்டோம்,
அதுவும் இறக்கை விரிக்காது.
அன்றைக்கு விடுப்பு இல்லாதது
நோய்க்கு மட்டும்தான்.
எழுதிக்கொள், மூன்று.

ராக்ன்ஹில்ட் காபி ஊற்றிய பிறகே பேசினாள்.

முன்பெல்லாம் அந்த நீலப் பெட்டி
ஏழு பத்துப் படகில்
காலிஃபிளவர் கூடைகளுக்குக் கீழே போகும்.
யாருடைய ரத்தம், என்ன சந்தேகம்,
காலிஃபிளவருக்கும் தெரியாது.
இப்போது காலை ஒன்பதுக்குப் போவது வழக்கமானது,
அதை யாரும் பார்ப்பதில்லை.
வேளைகெட்ட வேளையில் எழும்புகிறதே,
பதினொன்று ஐம்பதுக்கு, மூன்றே காலுக்கு,
அப்போது தெருவே அண்ணாந்து பார்க்கிறது.
பிறகு கண்கள் கீழே இறங்கி
ஜன்னல் ஜன்னலாகப் போகின்றன.
ரொட்டிக் கடைக்கு இன்று வராதது யார்?
யாருடைய கார் மருத்துவமனை வாசலில்?

பிப்ரவரியில் என்னுடையது போனது.
கொல்லையில் நின்று பார்த்தேன்,
உப்புக்கல் அளவு ஆகும்வரை.
வேலிக்கு அந்தப் பக்கம்
பக்கத்து வீட்டார் அதைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.
சாயங்காலம் வாசலில் மூன்று பாத்திரம் சூப்.
முடிவு வருமுன்பே.
கேமரா இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்களாமே,
அதில் இல்லை, தம்பி. கீழே இருக்கிறது.

அப்படியானால் ஒன்றா என்றேன்.
சூப் நன்றாக இருந்தது என்றாள்.
மறுநாளே ஊசி போட்டுவிட்டார்கள்,
படகென்றால் திங்கள்கிழமை ஆகியிருக்கும்.
பேனாவை வாங்கி
இரண்டையும் சுழித்தாள், நான்கையும் சுழித்தாள்,
நடுவில் இருந்த மூன்றைத் தொடவில்லை.
செல்லாத படிவம் என்று நான் சொல்லவில்லை.

அலுவலகத்துக்குச் சராசரி வேண்டும்.
மூன்று புள்ளி ஒன்று.
தலைவர் அதை "மிதமான ஏற்பு" என்று மொழிபெயர்த்தார்,
அறிக்கைக்குப் பச்சை அட்டை போட்டார்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று.
கடைசி நாள், படகுத்துறை, நாலு இருபது.
மருத்துவமனைக் கூரையிலிருந்து அது எழும்பியது.
வரிசையில் நின்ற எல்லோரும் அண்ணாந்தார்கள்,
நானும்.
தேனீ மாதிரி இல்லை,
பல் மருத்துவரின் கருவி மாதிரி இருந்தது.
ஊர்க்காரன் இல்லை நான், யாரையும் தெரியாது எனக்கு.
ஆனாலும் கண் இறங்கி வந்தபோது
நேராகக் குன்றின் மீது போய் நின்றது,
இரண்டு நாளும் தட்டித் தட்டி
"ஆள் இல்லை" என்று நான் குறித்துக்கொண்ட
அந்த மஞ்சள் கதவில்.